திறந்தாலே ஓடும்

வி.எஸ். கோட் எடிட்டரில் ஒரு புராஜெக்டைத் திறக்கிறீர்கள். ஒரு கோப்பைக்கூட இன்னும் தொடவில்லை. அதற்குள் கீழே டெர்மினலில் ஏதோ ஓட ஆரம்பித்துவிடுகிறது. சர்வர் எழும்புகிறது, டெஸ்ட்டுகள் ஓடுகின்றன, பழைய பில்ட் அழிந்து புதிது உருவாகிறது. இதற்குக் காரணம் புராஜெக்டுக்குள் புள்ளியில் தொடங்கும் பெயரோடு இருக்கும் ஒரு கோப்புறை. அதற்குள் 'டாஸ்க்ஸ்.ஜேசன்' என்று ஒரு கோப்பு. அதில் ஒரு வேலையின் பெயர், அதற்கான கட்டளை, கூடவே 'ஃபோல்டர்ஓபன்' என்ற ஒரு சொல். கோப்புறை திறந்ததும் இந்த வேலையை ஓட்டு என்று அர்த்தம். அவ்வளவுதான்.

தினமும் காலையில் அதே நான்கு கட்டளைகளை அடிப்பவருக்கு இது பெரிய நிம்மதி. புதிதாகச் சேர்ந்தவருக்கு 'முதலில் இதை ஓட்டு, பிறகு அதை ஓட்டு' என்று பாடம் எடுக்க வேண்டாம். திறந்தால் போதும், எல்லாம் தயார். இந்த வசதியை எழுதியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை.

ஆனால் கணினியின் வரலாற்றில் இந்த வசதி பிறப்பது இது முதல் தடவை அல்ல. பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை வேறு பெயரில் பிறக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அடி விழுகிறது, அதே மாதிரிப் பூட்டுப் போடப்படுகிறது. அடி எங்கே விழுகிறது என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். அது யார் மேல் விழுகிறது என்பதைத்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

ஒரு ஊரை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். சங்கரன்கோவில் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அருகில் இருக்கிறது ராயகிரி. சிறிய பேரூராட்சி. இன்று அங்கே ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து அமெரிக்கக் கம்பெனிக்குக் கோடு எழுதுவது கதை அல்ல. 2011இல் ஸோஹோ தென்காசியில் அலுவலகம் திறந்தபோது அது புதுமை. 2020இன் ஊரடங்குக்குப் பிறகு லேப்டாப்போடு ஊருக்கு வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவே இல்லை. அவர்களுக்கு வேலை லிங்க்ட்இன் வழியாக வருகிறது, நேர்காணல் வீடியோவில் நடக்கிறது, பரீட்சை ஒரு கிட்ஹப் லிங்க்காக வருகிறது. 'இந்த புராஜெக்டை இறக்கி, திறந்து, ஒரு பிழையைச் சரிசெய்து அனுப்புங்கள்.' டேக்-ஹோம் டெஸ்ட்.

ராயகிரி மாதிரி ஊரில் தானாக ஓடுகிற ஏற்பாடு புதுசு இல்லை. மழை பெய்து குளம் நிறைந்தால் மறுகால் பாயும். ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் ஓடிப்போய்த் திறக்க வேண்டியதில்லை. மடை அப்படி அல்ல, அதை ஆள்தான் திறக்க வேண்டும். எது தானாகப் பாய வேண்டும், எதை ஆள் பார்த்துத் திறக்க வேண்டும் என்று குளத்தைக் கட்டியவர்கள் முடிவெடுத்தார்கள். மேலேயிருந்து வருகிற தண்ணீர் தன்னுடைய மடையைத் தானே கொண்டுவருவதில்லை.

கணினியில் நடந்தது அதுதான். வருகிற தண்ணீர் தன் மடையையும் சேர்த்துக் கொண்டுவர ஆரம்பித்தது.

தானியங்கி வேலைகளின் தொடக்கம் சாதுவானது. எம்.எஸ்.-டாஸ் காலத்தில் 'ஆட்டோஎக்ஸெக்.பேட்' என்று ஒரு கோப்பு இருந்தது. கணினியைப் போட்டதும் அதிலுள்ள கட்டளைகள் வரிசையாக ஓடும். யூனிக்ஸில் லாகின் செய்ததும் ஓடுகிற 'புரொஃபைல்' கோப்பு உண்டு; குறிப்பிட்ட நேரத்தில் வேலைகளை ஓட்டும் 'கிரான்' உண்டு. இவற்றில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. கோப்பு என் கணினியில் இருக்கிறது, நானோ என் நிர்வாகியோ எழுதியது. அது என் வீட்டு வழக்கம். காலையில் எழுந்ததும் வாசல் தெளிப்பது மாதிரி, நானே எனக்கு வைத்துக்கொண்டது.

அடுத்த கட்டத்தில் அந்த வழக்கம் வீட்டைவிட்டு வெளியேறி, வருகிற பொட்டலத்துக்குள் போய் உட்கார்ந்தது.

1970களின் கடைசியில் பில் ஜாய் எழுதிய வி.ஐ. எடிட்டரில் 'மோட்லைன்' என்ற வசதி இருந்தது. ஒரு கோப்பின் முதல் ஐந்து வரிகளிலோ கடைசி ஐந்து வரிகளிலோ எடிட்டருக்கான கட்டளையை எழுதிவைக்கலாம். அந்தக் கோப்பைத் திறக்கிறவர் எடிட்டரில் அது ஓடும். 'இந்தக் கோப்பில் டேப் அகலம் நான்கு' என்று சொல்லத்தான் அது. ஆனால் கட்டளை என்றால் கட்டளைதான். டேப் அகலத்தை மாற்றத் தெரிந்தது வேறு எதையும் மாற்றும். யுனிக்ஸ் நிர்வாகிகள் அதை அணைத்துவைக்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு வந்த விம் எடிட்டர், ஆபத்தில்லாத சில அமைப்புகளை மட்டும் அனுமதிக்கிறேன் என்று வேலி கட்டி மோட்லைனைத் தக்கவைத்துக்கொண்டது. 2019 ஜூனில் அந்த வேலியில் ஓட்டை இருப்பது வெளியே வந்தது. கவனமாக எழுதப்பட்ட ஒரு டெக்ஸ்ட் கோப்பை விம்மில் திறந்தாலே போதும், எழுதியவர் விரும்பிய கட்டளை உங்கள் கணினியில் ஓடும். வெறும் டெக்ஸ்ட் கோப்பு! ஒரு கடிதத்தைப் பிரித்ததும் அது நம் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடவைப்பது மாதிரி.

இதற்கு இடைப்பட்ட நாற்பது வருடத்தில் இதே கதை வேறு இடங்களில், இன்னும் பெரிதாக, நடந்து முடிந்திருந்தது. 1986இல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை நடத்திய சகோதரர்கள் இருவர் எழுதிய 'பிரெயின்' வைரஸ், ஃபிளாப்பியின் முதல் பகுதியில் உட்கார்ந்தது. ஃபிளாப்பியைச் செருகி வைத்தபடி கணினியைப் போட்டால், கணினி அந்தப் பகுதியைப் படித்து ஓட்டும். அது கணினியின் பிழை அல்ல, கணினி அப்படித்தான் எழுந்திருக்கும். 1995இல் 'கான்செப்ட்' வந்தது. வேர்டு ஆவணத்தில் 'ஆட்டோஓபன்' என்ற பெயரில் ஒரு மேக்ரோ இருந்தால், ஆவணத்தைத் திறந்ததும் அது ஓடும். அதுவரை 'புரோகிராமை ஓட்டாதே, டாக்குமென்ட்டைத் திறக்கலாம்' என்பதுதான் பாதுகாப்பு விதி. கான்செப்ட் அந்த விதியையே காலாவதியாக்கியது. 1999 மார்ச்சில் 'மெலிஸா' அதே வழியில் வந்து, ஆவணத்தைத் திறந்தவரின் மின்னஞ்சல் முகவரிப் பட்டியலிலிருந்து ஐம்பது பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது.

மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? ஒரு கேள்வி கேட்டது. வேர்டு 97இலிருந்து, மேக்ரோ உள்ள ஆவணத்தைத் திறந்தால் ஒரு சிறு பெட்டி வரும். 'இதில் மேக்ரோ இருக்கிறது, வைரஸாக இருக்கலாம், அனுமதிக்கவா?' அனுமதி என்று அழுத்தினார்கள். ஏன் அழுத்த மாட்டார்கள்? மேலாளர் அனுப்பிய கணக்கு, கல்லூரி அனுப்பிய படிவம். வேலை நடக்க வேண்டும். இணையத்திலிருந்து வந்த ஆவணங்களின் மேக்ரோவைக் கேள்வி கேட்காமல் முடக்கிவைப்போம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2022 பிப்ரவரியில். கான்செப்டிலிருந்து எண்ணினால் 27 வருடம்.

இன்னொரு கிளைக்கதை நமக்கெல்லாம் நேரடிப் பழக்கம். விண்டோஸ் 95 வந்தபோது சிடியைப் போட்டதும் தானாக ஓடும் வசதி வந்தது. சிடியில் 'ஆட்டோரன்.இன்ஃப்' என்று ஒரு கோப்பு, அதில் எதை ஓட்ட வேண்டும் என்று ஒரு வரி. அச்சடித்த சிடியில் கண்டவரும் எழுத முடியாது என்பதால் சில வருடங்கள் பிரச்சினை பெரிதாகத் தெரியவில்லை. பிறகு பென் டிரைவ் வந்தது. அதில் யாரும் எழுதலாம். பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை, காலேஜ் லேப் என்று 2000களின் கடைசியில் ஒரு பென் டிரைவ் போய்வந்த இடமெல்லாம் அந்தக் கோப்பும் போய்வந்தது. ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்கப் போன பென் டிரைவ் வைரஸோடு வீடு திரும்பியது. 'உன் பென் டிரைவை என் சிஸ்டத்துல போடாதே' என்பது அந்தக் காலத்து நட்பின் எல்லைக்கோடு. 2008 நவம்பரில் தென்பட்ட 'கான்ஃபிக்கர்' உலகம் முழுக்கப் பல லட்சம் கணினிகளைப் பிடித்தது. பின்னால் வந்த அதன் வடிவங்கள் பென் டிரைவின் ஆட்டோரன்னையும் ஒரு வழியாகப் பயன்படுத்தின. 2009இல் வந்த விண்டோஸ் 7இல் பென் டிரைவுக்கு ஆட்டோரன் நிறுத்தப்பட்டது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்.பி., விஸ்டாவுக்கும் அப்டேட் வழியாக நிறுத்தினார்கள்.

நிறுத்தியதால் யாருக்கு என்ன நஷ்டம்? பென் டிரைவைச் செருகிய பிறகு ஒரு டபுள் கிளிக் கூடுதலாகச் செய்ய வேண்டியிருந்தது. இந்த ஒரு கிளிக்கைச் சேமிக்கப் பதினைந்து வருடம் எவ்வளவு கொடுத்தோம் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

இந்த வரலாற்றில் பாடத்தைச் சரியாகப் படித்தவர்களும் உண்டு. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் அதற்கு நல்ல உதாரணம். கிட்டிலும் தானாக ஓடும் வேலைகள் உண்டு, 'ஹூக்' என்று பெயர். கமிட் செய்வதற்கு முன் டெஸ்ட் ஓட்டு, புஷ் செய்வதற்கு முன் சரிபார் என்று அமைக்கலாம். ஆனால் ஒருவருடைய புராஜெக்டை நீங்கள் குளோன் செய்தால் அவருடைய ஹூக்குகள் உங்களிடம் வராது. கோடு வரும், அதன் வரலாறு முழுக்க வரும், ஹூக் மட்டும் வராது. உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகக் கிட் படிப்பவர்கள் இதைக் குறை என்று நினைத்து, 'டீம்ல எல்லாருக்கும் ஹூக் எப்படி அனுப்புறது?' என்று கேட்பார்கள். அது குறை அல்ல, கோடு வேறு, வழக்கம் வேறு என்று கிழிக்கப்பட்ட கோடு அது. தண்ணீர் வரலாம், மடை நம்முடையது.

டாஸ்க்ஸ்.ஜேசன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. அது புராஜெக்டுக்குள் ஒரு சாதாரணக் கோப்பாக இருக்கிறது. ஆகவே குளோன் செய்தால் கூடவே வந்துவிடும். கிட் வாசலில் நிறுத்திவைத்ததை எடிட்டர் ஜன்னல் வழியாக உள்ளே விட்டது.

2021 மே மாத வெளியீட்டில் வி.எஸ். கோட் இதற்குப் பூட்டுப் போட்டது. பழைய பூட்டுதான், ஒரு கேள்வி. புதிய கோப்புறையைத் திறந்தால் ஒரு பெட்டி எழும்பும். இந்தக் கோப்புறையில் உள்ள கோப்புகளை எழுதியவர்களை நீங்கள் நம்புகிறீர்களா? ஆம் என்றால் எல்லாம் வேலை செய்யும். இல்லை என்றால் கட்டுப்படுத்தப்பட்ட நிலையில் திறக்கும். கோடைப் படிக்கலாம், எதுவும் தானாக ஓடாது. பொறியியல் ரீதியாக இது நல்ல ஏற்பாடு. அந்தக் கட்டுப்படுத்தப்பட்ட நிலை உண்மையிலேயே பயனுள்ளது. ஆனால் வி.எஸ். கோடிலிருந்து கிளைத்த கர்சர் எடிட்டர் இந்தப் பூட்டையே இயல்பாக அணைத்துவைத்து வெளியிட்டது. கோப்புறையைத் திறந்தாலே டாஸ்க் கேள்வியில்லாமல் ஓடிவிடும் என்று 2025 செப்டம்பரில் ஒயாசிஸ் செக்யூரிட்டி நிறுவனம் எழுதியது.

இப்போது இந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது என்று பார்க்கலாம்.

2019 அக்டோபர் 30ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில், இணையத்தோடு இணைந்த நிர்வாக வலைப்பின்னலில் இருந்த ஒரு கணினியில் மால்வேர் இருந்தது உண்மை, அணு உலையை இயக்கும் அமைப்பு தனியானது, அது பாதிக்கப்படவில்லை என்று அதில் இருந்தது. அந்த மால்வேரின் பெயர் 'டிட்ராக்'. அதற்கு ஒரு மாதம் முன்புதான் காஸ்பர்ஸ்கி நிறுவனம் டிட்ராக்கை லாசரஸ் என்ற வடகொரியக் குழுவோடு தொடர்புபடுத்தியிருந்தது. அன்றைக்கு ராயகிரியும் கூடங்குளமும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது அடுத்த மாதம், நவம்பர் 22இல். ஒரே மாவட்டத்தின் ஒரு முனையில் இருந்த அணுமின் நிலையம் வரை வந்துபோன கைகள், சில வருடங்களில் மறுமுனையில் மாடியறையில் இருக்கிற தனி மனிதரையும் தேட ஆரம்பித்தன. ஏனென்றால் அந்தத் தனி மனிதரின் லேப்டாப்பில் ஒரு கம்பெனியின் சாவிகள் இருக்கின்றன.

2021 ஜனவரியில் கூகுளின் அச்சுறுத்தல் ஆய்வுக் குழு ஒரு விஷயத்தை வெளியிட்டது. வடகொரிய அரசின் ஆதரவு பெற்றவர்கள் என்று அவர்கள் கருதிய ஒரு குழு, பாதுகாப்பு ஆய்வாளர்களோடு ட்விட்டரிலும் லிங்க்ட்இன்னிலும் பழகி, 'சேர்ந்து ஆராய்ச்சி செய்வோமா?' என்று கேட்டு, ஒரு விஷுவல் ஸ்டுடியோ புராஜெக்டை அனுப்பியது. புராஜெக்டைப் பில்ட் செய்தால், பில்டுக்கு முன் தானாக ஓடும் வேலையில் மால்வேர் இருந்தது. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்த வலை விரிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் ரோனின் வலைப்பின்னலிலிருந்து சுமார் 62 கோடி டாலர் கிரிப்டோ பணம் போனது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. லாசரஸைக் கைகாட்டியது. ஒரு பொறியாளருக்குப் பல சுற்று நேர்காணல் நடத்தி, நல்ல சம்பளம் பேசி, கடைசியில் பணி ஆணை என்று அனுப்பிய பி.டி.எஃப். கோப்பு வழியாக உள்ளே போனார்கள் என்று அந்த ஜூலையில் 'தி பிளாக்' எழுதியது. 2024 ஜூலை 18இல் இந்தியாவின் வாஸிர்எக்ஸிலிருந்து ஏறக்குறைய 23.5 கோடி டாலர் போனது. அதற்கும் வடகொரியாவே காரணம் என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் 2025 ஜனவரியில் கூட்டறிக்கை விட்டன. வாஸிர்எக்ஸில் போனவர்கள் வேறு வழியில் போனார்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு இந்தத் தொழில் எவ்வளவு லாபகரமானது என்பதற்கு அது கணக்கு.

2023 நவம்பரில் பாலோ ஆல்டோ நிறுவனத்தின் யூனிட் 42 குழு இந்த முறைக்கு ஒரு பெயர் வைத்தது. தமிழில் சொன்னால் 'தொற்றும் நேர்காணல்'. வேலை தேடும் மென்பொருள் ஆட்கள்தான் குறி. ஆள் எடுப்பவராக நடிப்பவர் பேசுகிறார், பாராட்டுகிறார், ஒரு கோடிங் டெஸ்ட் அனுப்புகிறார். முதலில் டெஸ்ட் புராஜெக்டின் கோடுக்குள்ளும் என்.பி.எம். பேக்கேஜுக்குள்ளும் மால்வேரை ஒளித்துவைத்தார்கள். அதற்குக் கோடை ஓட்டவைக்க வேண்டியிருந்தது. சிலர் ஓட்டும்முன் படித்துவிடுவார்கள். ஆகவே அடுத்த படி: படிக்கத் திறந்தாலே ஓட வேண்டும். டாஸ்க்ஸ்.ஜேசன் கைக்கு வந்தது. 2026 ஜனவரியில் ஜாம்ஃப் நிறுவனம் அதை விளக்கியது. கோப்புறையைத் திறந்து, நம்புகிறேன் என்று அழுத்தியதும், டாஸ்க் ஓடி, வெளியே ஒரு தளத்திலிருந்து நிரலை இறக்கி நேராக நோட்.ஜேஎஸ்ஸுக்கு ஊட்டுகிறது. ஓடும்போது டெர்மினலைக் காட்டாதே என்று சொல்லவும் அந்தக் கோப்பிலேயே இடம் உண்டு.

எழுதியவர்களை நம்புகிறீர்களா? மேக்ரோ காலத்தில் கேட்ட அதே கேள்வி. ஆனால் இந்த நேரத்தில், இந்த இடத்தில், இதற்கு நேர்மையான பதில் சொல்ல முடியாதபடி ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார். வீடியோவில் எதிரே இருப்பவர்தான் எழுதியவர். 'ஸ்க்ரீன் ஷேர் பண்ணுங்க, ரெப்போவைத் திறங்க' என்கிறார். வேலை போய் நான்கு மாதம், வீட்டில் தங்கையின் காலேஜ் ஃபீஸ், லோன். நேர்காணல் எடுப்பவர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அனுப்பிய கோப்புறை மீது 'இல்லை, நம்பவில்லை' என்று அழுத்த யாருக்குக் கை வரும்? அழுத்தினால் டெஸ்ட் சரியாக ஓடாது. ஓடாவிட்டால் இவருக்கு வி.எஸ். கோடே தெரியவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம் வேறு.

கேள்வி தொழில்நுட்பக் கேள்வி மாதிரி தெரிகிறது. உண்மையில் அது யார் யாருக்கு மேலே என்ற கேள்வி. வேலை கொடுப்பவரிடம் கை நீட்டி நிற்பவரிடம்போய், 'இவரை நம்புகிறாயா?' என்று கேட்பது பாதுகாப்பு அல்ல. பொறுப்பைக் கைமாற்றிவிடுவது. மறுநாள் ஏதாவது நடந்தால், 'நாங்கள் கேட்டோமே, நீங்கள்தானே ஆம் என்று அழுத்தினீர்கள்' என்று சொல்ல வசதி. மேக்ரோ விஷயத்தில் 27 வருடம் அந்த வசதியில் ஓடியது. பென் டிரைவ் விஷயத்தில் பதினைந்து வருடம். இரண்டிலும் கடைசியில் நிலைமையை மாற்றியது பயனரின் விழிப்புணர்வு அல்ல. கேள்வியை எடுத்துவிட்டு, இயல்பு நிலையை மாற்றியதுதான். திறந்தால் திறக்க மட்டும் செய்யும். ஓட்ட வேண்டுமானால், நானே தேடிப்போய், நானே சொல்ல வேண்டும்.

எடிட்டர்களும் அங்கேதான் வந்து சேர வேண்டும். புராஜெக்ட் தன்னோடு தானியங்கி வேலைகளைக் கொண்டுவரலாம், தடையில்லை. ஆனால் அவை பட்டியலாக மட்டும் தெரியட்டும். 'இந்த வேலை, இந்தக் கட்டளை' என்று முழு வரியும் கண்ணுக்குத் தெரியும்படி காட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக என் அமைப்பில் சேர்த்துக்கொள்ள விடட்டும். அந்த அனுமதி என் கணினியில் இருக்கட்டும், புராஜெக்டில் அல்ல. கட்டளை மாறினால் அனுமதி ரத்தாகட்டும். டீமுக்குக் கூடுதலாக ஒரு நிமிட வேலை. ஒரு டபுள் கிளிக் மாதிரிதான் அது.

அது நடக்கும்வரை, இன்றைக்கே ராயகிரியிலோ வேறெங்கோ ஒரு டேக்-ஹோம் டெஸ்ட்டை இறக்கிவைத்துக் காத்திருப்பவர் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. குளோன் செய்ததை எடிட்டரில் திறக்க வேண்டாம். கிட்ஹப் பக்கத்திலேயே அந்தப் புள்ளிக் கோப்புறை இருக்கிறதா, அதில் டாஸ்க்ஸ்.ஜேசன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வரிகளை வலதுபக்கக் கடைசிவரை நகர்த்திப் படியுங்கள். நூற்றுக்கணக்கான இடைவெளி விட்டுக் கட்டளையைத் திரைக்கு வெளியே தள்ளிவைப்பது பழைய தந்திரம். கேள்விப் பெட்டி வந்தால் 'இல்லை' என்று அழுத்துங்கள், படிக்க அது போதும். வி.எஸ். கோடில் தானியங்கி டாஸ்க்குகளை மொத்தமாக அணைக்கும் அமைப்பும் இருக்கிறது, அணைத்துவிடுங்கள். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வேலைக் கணக்குகளும் வங்கியும் லாகின் ஆகியிருக்கும் லேப்டாப்பில் வேண்டாம். ஒரு விர்ச்சுவல் மெஷினிலோ, கிட்ஹப் கோட்ஸ்பேஸ் மாதிரி வெளியே ஓடும் இடத்திலோ ஓட்டுங்கள்.

நேர்காணல் நடுவில் அவசரப்படுத்தினால், 'தெரியாத கோடை நான் தனி மெஷினில்தான் திறப்பேன், பத்து நிமிடம் ஆகும்' என்று சொல்லுங்கள். உண்மையான கம்பெனி என்றால் அந்த ஒரு பதிலுக்கே உங்களுக்கு மதிப்பெண் கூடும். அதைக் கேட்டு முகம் மாறுகிறவரிடம் வேலைக்குச் சேராமல் போனதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.